முள் கத்தரி: விதையிலிருந்து பெருநாள் கிளை வரை

சீனப் பெருநாள் நெருங்கும்போது ஈப்போ நர்சரிகளிலும் பூக்கடைகளிலும் இலை நீக்கிய நீண்ட கிளைகள் வாளிகளில் வந்து நிற்கும். கிளை நெடுக மெழுகு பூசியதுபோல் மஞ்சள் காய்கள். ஒவ்வொரு காயிலும் காம்புப் பக்கத்தில் விரல் விரலாகப் புடைப்புகள். ஐந்து தலைமுறை ஒரே வீட்டில் கூடி வாழ்வதன் அடையாளமாகச் சீனக் குடும்பங்கள் இதை வாங்கி வைக்கின்றன. மலாயில் இதன் பெயர் தெரோங் சூசு. தாவரவியலில் சொலானம் மம்மோசம். தென் அமெரிக்க, கரீபியப் பகுதிகளிலிருந்து வந்த செடி. கத்தரி, தக்காளி, தூதுவளை, சுண்டைக்காய் எல்லாம் இதன் உறவு.

இந்த நூலில் இதை முள் கத்தரி என்றே அழைப்போம். தண்டு, இலைக்காம்பு, இலை நரம்பு எங்கும் முள். காய் நஞ்சு, அழகுக்கு மட்டுமே.

சுங்காய், பீடோர், சிலிம் ரிவர் வட்டாரத்தில் தாமான் வீட்டு முற்றத்திலோ, பழைய தோட்டத்து லயத்தின் பின்பக்க நிலத்திலோ இதை விதையிலிருந்து வளர்க்க விரும்புவோருக்காக இந்த அத்தியாயம். வெயிலும் வெப்பமும் இங்கே தாராளம், செடிக்கும் அவை பிடிக்கும். ஆனால் மலையடிவாரத்து மழைதான் சோதனை. இங்கே முள் கத்தரி செத்தால், பத்தில் எட்டுக்குக் காரணம் வேரடியில் நின்ற நீர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கீழே வரும் படிகள் பெரும்பாலும் அந்த நீரை எப்படி வடிய வைப்பது என்பதைப் பற்றியவையே.

## எந்தச் செடி, எதற்கு?

முள்ளுள்ள கத்தரி இனங்கள் பல. விதை வாங்கும் முன் எது சுங்காய்க்கு ஒத்துவரும் என்று பாருங்கள்.

- சொலானம் மம்மோசம்: இந்த அத்தியாயத்தின் நாயகன். ஒன்று முதல் ஒன்றரை மீட்டர் உயரம். ஊதாப் பூ, மஞ்சள் காய். தாழ்நில வெப்பத்தில் நன்றாக வளரும். முதல்முறை வளர்ப்பவருக்கு இதுவே ஏற்றது.
- சொலானம் பைரகாந்தோஸ்: மடகாஸ்கர் செடி. இலையின் நடு நரம்பில் வரிசையாக ஆரஞ்சு நிற முட்கள். காய்க்காக அல்ல, இலைக்காக வளர்ப்பது. மழை நேரடியாக விழாத இடத்தில் தொட்டியில் வைத்தால் பிழைக்கும். இதுவும் நஞ்சு.
- சொலானம் அட்ரோபர்பூரியம்: பிரேசில் செடி. தண்டு முழுக்கக் கருஊதா முள். வளர்ப்பு முறை மேலே சொன்னதைப் போலவே. காய் நஞ்சு.
- லூலோ (சொலானம் குயிட்டோயென்சே): ஆண்டிஸ் மலைச்சரிவுச் செடி. அகன்ற இலையில் ஊதா முடியும் முள்ளும். குளிர்ந்த இரவு வேண்டும். சுங்காயின் இரவுகள் அதற்குச் சூடு. தாப்பாவிலிருந்து மலையேறினால் வரும் கேமரன் மலையில் உறவினர் வீடு இருந்தால் அங்கே முயலலாம்.
- தூதுவளை (சொலானம் டிரைலோபேட்டம்): ரசத்துக்கும் துவையலுக்கும் நாம் கிள்ளுகிற கொடி. விதைக்கும் முறை கிட்டத்தட்ட இதுவேதான். ஆனால் முள் கத்தரிக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். காரணம் அடுத்த பகுதியில்.

குறிப்பு: வெளிநாட்டு விதையை இணையத்தில் வாங்கி அஞ்சலில் வரவழைக்கும் முன் விவசாய இலாகாவில் இறக்குமதி அனுமதி பற்றி விசாரியுங்கள். 1976ஆம் ஆண்டின் பயிர்த் தொற்றுத்தடைச் சட்டம் விதைக்கும் பொருந்தும். முள் கத்தரி விதைக்கு அந்தச் சிரமமே தேவையில்லை. பெருநாள் முடிந்ததும் சீன அண்டை வீட்டாரிடம் கேட்டால் பழுத்த காய் கிடைக்கும்.

## முதலில் பாதுகாப்பு

விதையைத் தொடும் முன்பே இதைப் படித்துவிடுங்கள்.

1. கையுறை: நாற்றுப் பருவத்தில் ரப்பர் கையுறை போதும். செடி முழங்கால் உயரம் வந்த பிறகு தடித்த தோல் கையுறை வேண்டும். துணிக் கையுறையில் முள் நேராக உள்ளே போகும்.
2. கண்: கிளை வெட்டும்போதும் குச்சியில் கட்டும்போதும் கண்ணாடி அணியுங்கள். இழுத்து வளைத்த கிளை திரும்பி அடிக்கும் உயரம் சரியாக முகத்தின் உயரம்.
3. இடம்: நடைபாதை ஓரம், துணி காயும் கயிற்றின் கீழ், பிள்ளைகள் சைக்கிள் ஓட்டும் இடம் மூன்றையும் தவிர்த்து விடுங்கள்.
4. சமையல் செடிகளிலிருந்து தூரம்: தூதுவளை, சுண்டைக்காய், கத்தரி இருக்கும் பாத்தியில் இதை நடாதீர்கள். முள்ளைப் பார்த்துத் தூதுவளை என்று நினைத்து ஒருவர் இலை கிள்ளினால் போதும். தனி இடம், தனிப் பெயர்ப் பலகை. ‘நஞ்சு’ என்று தமிழிலும் மலாயிலும் எழுதி வையுங்கள்.
5. பிள்ளைகள்: காய் பார்க்கப் பொம்மை மாதிரி இருக்கும். சிறு பிள்ளை உள்ள வீட்டில் காய்க்கும் தொட்டியைத் தரையில் வைக்க வேண்டாம். நாயும் ஆடும் அணுகாதபடி வேலி கட்டுங்கள்.

யாராவது காயையோ இலையையோ தின்றுவிட்டால் வாந்தி எடுக்கவைக்க முயலாதீர்கள். வாயை நீரால் கழுவித் துப்பச் செய்யுங்கள். வயிற்று வலி, வாந்தி, மயக்கம் வரும்வரை காத்திருக்காமல் 999ஐ அழையுங்கள், அல்லது பக்கத்து மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். மீதிக் காயை ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள்; எதைத் தின்றார் என்பது மருத்துவருக்குத் தெரிய வேண்டும். பினாங்கு மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் உள்ள தேசிய நச்சு மையத்தின் எண் 1-800-88-8099.

முள் குத்தினால் சோப்பு போட்டுக் கழுவி, முள் உள்ளே ஒடிந்திருக்கிறதா என்று பாருங்கள். விரல் மூட்டில் குத்தி ஓரிரு நாளில் வீங்கினால் வீட்டு வைத்தியத்தை விட்டுவிட்டு கிளினிக்குக்குப் போங்கள். டெட்டனஸ் ஊசி எப்போது போட்டீர்கள் என்பதையும் நினைவில் வையுங்கள்.

## காலத்தைப் பின்னோக்கிக் கணக்கிடுங்கள்

விதைத்ததிலிருந்து காய் மஞ்சளாக ஏறத்தாழ ஆறு, ஏழு மாதம் ஆகும். சீனப் பெருநாள் ஆண்டுதோறும் நகரும்: 2027இல் பிப்ரவரி 6, 2028இல் ஜனவரி 26. பெருநாள் தேதியை நாள்காட்டியில் குறித்துவிட்டு அங்கிருந்து பின்னால் எண்ணுங்கள்.

2027 பெருநாளுக்கு:

- ஜூன் நடு முதல் ஜூலை முதல் வாரம்: விதைப்பு
- ஜூலை இறுதி, ஆகஸ்டு: சிறு பாலிபேக்கில் நாற்று
- ஆகஸ்டு இறுதி, செப்டம்பர் தொடக்கம்: பெரிய பாலிபேக்கிலோ நிலத்திலோ நடவு
- அக்டோபர், நவம்பர்: பூவும் பிஞ்சும்
- டிசம்பர், ஜனவரி: காய் பெருத்து நிறம் மாறுதல்
- ஜனவரி கடைசி வாரம்: கிளை வெட்டு

2028 பெருநாளுக்கு இந்த அட்டவணையை இரண்டு வாரம் முன்னால் இழுத்துக்கொள்ளுங்கள்.

அட்டவணையில் ஆபத்தான இடம் எது என்று பாருங்கள். மேற்குக் கரையில் மழை உச்சத்துக்குப் போவது ஏப்ரல்–மே, அக்டோபர்–நவம்பர் ஆகிய இரு பருவங்களில். செடி பூக்கும் நேரமும் இரண்டாவது மழை உச்சமும் ஒன்றாக வருகின்றன. அதனால்தான் செப்டம்பருக்குள் மழைக்கூரை தயாராக வேண்டும் என்று பின்னால் வற்புறுத்துகிறோம். விற்பனைக்காக இல்லாமல் வீட்டு அழகுக்காக மட்டும் வளர்ப்பவர் எந்த மாதத்திலும் விதைக்கலாம்.

## தேவையானவை

- தேங்காய் நார்த்தூள், கருக்கிய நெல் உமி, ஆற்று மணல் (கடல் மணலில் உப்பு இருக்கும், வேண்டாம்)
- விதைத் தட்டு, அல்லது அடியில் துளையிட்ட ஐஸ்கிரீம் டப்பா
- 6க்கு 9 அங்குலச் சிறு பாலிபேக். 16க்கு 16 அங்குலப் பெரிய பாலிபேக்
- டோலமைட் சுண்ணாம்புத்தூள்
- மக்கிய மாட்டெரு, அல்லது மக்கிய கோழி எரு
- 15-15-15 உரம். காய்ப் பருவத்துக்கு 12-12-17-2 என்ற நீல உரம்
- ஒன்றரை மீட்டர் மூங்கில் குச்சி, மென்மையான கயிறு
- தெளிவான பிளாஸ்டிக் விரிப்பு (மழைக்கூரைக்கு)
- கையுறை, கண்ணாடி, கூரான கத்தரிக்கோல்

## படி 1: காயிலிருந்து விதை எடுத்தல்

பால்மர விதை பழகியவர்கள் ஒன்றை மனத்தில் வைக்க வேண்டும். பால்மர விதை காய்ந்தால் செத்துவிடும். விழுந்த சில வாரங்களுக்குள் மணலில் போட்டாக வேண்டும். முள் கத்தரி விதை நேர்மாறு. நன்றாகக் காயவைத்துக் குளிரில் பத்திரப்படுத்தினால் ஆண்டுக் கணக்கில் முளைப்புத் திறன் இருக்கும்.

1. முழுதும் மஞ்சளாகி, தோல் லேசாகச் சுருங்கத் தொடங்கிய காயைத் தேர்ந்தெடுங்கள். பச்சை ஓடும் காயில் விதை முற்றியிருக்காது.
2. கையுறை அணிந்து காயை நான்காக வெட்டுங்கள். சமையல் கத்தியையும் பலகையையும் பயன்படுத்தாதீர்கள்.
3. உள்ளே இருக்கும் சதையை விதையோடு ஒரு டப்பாவில் வழித்துப் போட்டு, மூழ்கும் அளவு நீர் ஊற்றுங்கள்.
4. இரண்டு மூன்று நாள் நிழலில் வையுங்கள். சதை நொதித்துக் குழையும். நாள்தோறும் குச்சியால் கலக்குங்கள். டப்பாவைப் பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் மூடி வையுங்கள்.
5. நீரைச் சாய்த்து வடியுங்கள். மிதக்கும் சதையும் பொக்கு விதையும் போய்விடும். கனத்த விதை அடியில் தங்கும். மூன்று நான்கு முறை கழுவுங்கள்.
6. பழைய தட்டில் ஒற்றை அடுக்காகப் பரப்பி, நிழலில் ஒரு வாரம் காயவையுங்கள். செய்தித்தாளில் பரப்பினால் ஒட்டிக்கொள்ளும்.
7. விதையை நகத்தால் அழுத்திப் பாருங்கள். அமுங்காமல் கடினமாக இருந்தால் காய்ந்துவிட்டது.

## படி 2: விதைத்தல்

1. நார்த்தூள் இரண்டு பங்கு, கருக்கிய உமி ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு கலந்துகொள்ளுங்கள். இதில் உரம் எதுவும் சேர்க்க வேண்டாம்.
2. கலவையைத் தட்டில் நிரப்பி, கொதிக்கும் நீரை ஊற்றி, ஆறவிடுங்கள். நாற்றழுகல் பூஞ்சைகளைக் குறைக்க எளிய வழி இதுதான்.
3. விதையை இரவு முழுக்க வெதுவெதுப்பான நீரில் ஊறவையுங்கள்.
4. கலவையைக் கையில் எடுத்துப் பிழிந்து பாருங்கள். ஓரிரு சொட்டு மட்டும் வர வேண்டும். ஒழுகினால் இன்னும் வடியவிடுங்கள்.
5. இரண்டு விரல் இடைவெளியில் விதையை வைத்து, அரை சென்டிமீட்டர் கலவையால் மூடுங்கள்.
6. தட்டை மழை படாத, வெளிச்சமுள்ள இடத்தில் வையுங்கள். 25 முதல் 30 பாகை வெப்பம் ஏற்றது. சுங்காயில் வராந்தாவே அந்த வெப்பத்தில்தான் இருக்கும். குளிர்சாதன அறை வேண்டாம்.
7. மேலே நீர் ஊற்றாமல், தட்டைக் கால் மணி நேரம் ஆழமற்ற நீர்த் தாம்பாளத்தில் வைத்து எடுங்கள். கலவை கீழிருந்து ஈரம் உறிஞ்சிக்கொள்ளும்.

முளைப்பு பத்து நாள் முதல் மூன்று வாரம் வரை நீளும். எல்லா விதையும் ஒன்றாக முளைக்காது. முதல் பத்து முளைத்ததும் மீதியைக் கிளறிப் பார்ப்பது வழக்கமான தவறு. மூன்று வாரம் பொறுத்திருங்கள். பைரகாந்தோஸுக்கு நான்கு வாரம்கூடக் கொடுங்கள்.

குறிப்பு: முளை தரைமட்டத்தில் கறுத்துச் சாய்ந்தால் அது நாற்றழுகல். சாய்ந்த முளையைச் சுற்றிலுமுள்ள கலவையோடு கரண்டியால் அகற்றுங்கள். நீரை நிறுத்தி, காற்றோட்டமுள்ள இடத்துக்கு மாற்றுங்கள். மருந்து தேடி ஓடும் முன் ஈரத்தைக் குறையுங்கள்.

## படி 3: நாற்று மாற்றுதல்

வித்திலைக்குப் பிறகு இரண்டு மூன்று உண்மை இலை வந்ததும் சிறு பாலிபேக்குக்கு மாற்றலாம். முள் அப்போதே தொடங்கியிருக்கும். மென்மையாக இருந்தாலும் குத்தும்.

1. சிறு பாலிபேக்கில் மேல்மண் இரண்டு பங்கு, மக்கிய எரு ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு நிரப்புங்கள். பையின் அடித்துளைகள் அடைபட்டிருக்கின்றனவா என்று பாருங்கள்.
2. நாற்றை இலையைப் பிடித்துத் தூக்குங்கள். தண்டைப் பிடித்தால் நசுங்கும். இலை போனால் வேறு வரும், தண்டு போனால் செடி போயிற்று.
3. தட்டில் இருந்த அதே ஆழத்தில் வையுங்கள். தக்காளியைப் போல் கழுத்துவரை புதைக்கும் பழக்கம் இங்கே வேண்டாம். ஈரமண்ணில் தண்டு அழுகும்.
4. முதல் வாரம் அரை நிழலில் வையுங்கள். பிறகு காலை வெயில், அதன் பின் முழு வெயில் என்று பழக்குங்கள்.
5. நீரைக் காலையில் ஊற்றுங்கள். மாலையில் ஊற்றினால் இரவு முழுக்க இலையும் மண்ணும் ஈரமாகக் கிடக்கும்.

## படி 4: மண்ணும் நடவும்

பழைய பால்மரத் தோட்டங்களின் செம்மண்ணும் மஞ்சள் மண்ணும் பொதுவாகப் புளிப்பு மண். அதில் நேராக நட்டால் செடி வெளிறி நின்றுவிடும். ஈப்போவைச் சுற்றியுள்ள குன்றுகளில் சுண்ணாம்புக்கல் வெட்டுவதால் பேராக்கில் சுண்ணாம்புத்தூளுக்குப் பஞ்சமில்லை. விவசாயப் பொருள் கடையில் டோலமைட் என்று கேளுங்கள்.

நிலத்தில் நடுவதானால்:

1. கடந்த இரண்டு மூன்று ஆண்டுகளில் மிளகாய், கத்தரி, தக்காளி நட்ட இடத்தைத் தவிருங்கள். அங்கே வாடல் நோய்க் கிருமி மண்ணில் காத்திருக்கும்.
2. ஒரு சதுர மீட்டருக்கு 200 கிராம் டோலமைட் தூவிக் கொத்திவிட்டு, இரண்டு வாரம் விடுங்கள்.
3. மண்ணை 30 சென்டிமீட்டர் உயரப் பாத்தியாக ஏற்றுங்கள். இரு பக்கமும் வாய்க்கால் வெட்டுங்கள். கனமழை முடிந்து அரை மணி நேரத்தில் வாய்க்கால் வடியாவிட்டால் இடம் சரியில்லை.
4. எருவைச் சுண்ணாம்போடு ஒரே நாளில் கலக்காமல், நடவுக்கு முன் தனியாகச் சேருங்கள். இரண்டும் ஒன்றானால் தழைச்சத்து காற்றில் போய்விடும்.
5. செடிக்குச் செடி ஒரு மீட்டர் விடுங்கள். நெருக்கி நட்டால் பிறகு காய் பறிக்க உள்ளே கை நுழையாது.

பாலிபேக்கில் வளர்ப்பதானால்:

1. 16 அங்குலப் பைக்கு மேல்மண்ணையும் நார்த்தூளையும் சம பங்காக எடுத்து, ஒரு கைப்பிடி டோலமைட் கலந்து, இரண்டு வாரம் நிழலில் வைத்து, பிறகு அதே பங்கு மக்கிய எருவைச் சேர்த்து நிரப்புங்கள். பையில் போடும் எரு முழுக்க மக்கியதாக இருக்கட்டும்.
2. பையை வெறும் மண்தரையில் வைக்காதீர்கள். இரண்டு செங்கல் மேலோ, பழைய பலகை மேலோ வையுங்கள். அடித்துளையில் மண் அடையாது. தரையிலுள்ள கிருமியும் ஏறாது.
3. நாற்று ஒரு சாண் உயரம் வந்ததும் மாலை நேரத்தில் மாற்றி நடுங்கள்.
4. நடும்போதே குச்சியை ஊன்றிவிடுங்கள். பிறகு ஊன்றினால் வேர் அறுபடும், உங்கள் கையும் கிழியும்.

சுங்காயில் முதல்முறை வளர்ப்பவருக்குப் பாலிபேக்தான் நல்லது. மழை வந்தால் நகர்த்தலாம். நோய் வந்தால் ஒரு பையோடு போகும்.

## படி 5: நீர், உரம், கட்டு

1. மேல்மண் ஒரு விரல்கணு ஆழம் காய்ந்த பிறகே நீர் விடுங்கள். மழை பெய்த நாளில் வேண்டாம்.
2. நட்ட இரண்டாம் வாரத்திலிருந்து பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஒரு தேக்கரண்டி 15-15-15 உரத்தைப் பையின் ஓரத்தில் தூவுங்கள். தண்டைத் தொடக் கூடாது.
3. மொட்டு தெரிந்ததும் நீல உரத்துக்கு மாறுங்கள். ஒரு பைக்கு ஒன்றரை தேக்கரண்டி. தழைச்சத்து கூடினால் இலை அகலும், பூ குறையும்.
4. செடி முழங்கால் உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளினால் பக்கக் கிளை வரும். நீண்ட ஒற்றைக் கிளை விற்க வேண்டுமானால் கிள்ளாமல், வலுவான நான்கைந்து கிளைகளை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.
5. கிளையைக் குச்சியில் எட்டு வடிவில் தளர்வாகக் கட்டுங்கள். காய் கனத்தால் கட்டாத கிளை முறியும்.
6. செப்டம்பருக்குள் மழைக்கூரை போடுங்கள். நான்கு கழி, மேலே சாய்வாகத் தெளிவான பிளாஸ்டிக். பக்கங்கள் திறந்தே இருக்கட்டும். மூடினால் உள்ளே வெந்துவிடும்.

எச்சரிக்கை: தோட்டத்தில் களைக்கொல்லி அடித்த பம்பை இந்தச் செடிக்குப் பயன்படுத்தாதீர்கள். செம்பனைத் தோட்டத்துக் களைக்கொல்லிகளில் சிலவற்றின் சிறு மிச்சம்கூடக் கத்தரிக் குடும்ப இலையைச் சுருட்டி முறுக்கிவிடும். பக்கத்துத் தோட்டத்தில் மருந்து அடிக்கும் நாளில் காற்று உங்கள் பக்கம் வீசினால் செடியை உள்ளே நகர்த்துங்கள். வீட்டு மூலையில் பழைய பாராகுவாட் போத்தல் இருந்தால் அதைத் தொடாமல் விவசாய இலாகாவிடம் கேளுங்கள். மலேசியாவில் அது 2020 ஜனவரி 1 முதல் தடை.

## படி 6: பூவைக் காயாக்குதல்

செடி நிறையப் பூத்தும் காய் பிடிக்கவில்லை என்பது பலரின் குறை. கத்தரிப் பூவின் மகரந்தம் மகரந்தப் பைக்குள் அடைபட்டிருக்கும், அதிர்ந்தால்தான் நுனித் துளை வழியே உதிரும். கருந்தச்சு வண்டு பூவைப் பிடித்து ரீங்கரித்து உதிர்க்கும். சாதாரணத் தேனீயால் அது முடியாது. மழைக்கூரைக்குள் வண்டு வருவதும் குறைவு. அந்த வேலையை நீங்கள் செய்யுங்கள்.

1. காலை எட்டிலிருந்து பத்து மணிக்குள், பூவில் ஈரம் இல்லாதபோது செய்யுங்கள்.
2. மின்சாரப் பல்துலக்கியின் பின்பக்கத்தைப் பூக்காம்பில் ஓரிரு நொடி வையுங்கள். அது இல்லையென்றால் நீண்ட குச்சியால் பூக்காம்பை மெல்லத் தட்டுங்கள்.
3. வாரத்துக்கு மூன்று நாள் செய்தால் போதும்.

ஒரு கொத்தின் எல்லாப் பூவும் காயாகாது, அது இயல்பு. கிளையில் காய் சீரான இடைவெளியில் இருக்கிறதா என்பதைப் பாருங்கள். சிறுத்து வளைந்த பிஞ்சை ஆரம்பத்திலேயே அகற்றிவிட்டால் மற்றவை பெருக்கும்.

## நோயும் பூச்சியும்: அடையாளமும் செயலும்

- பகலில் வாடி இரவில் தேறி, சில நாளில் பச்சையாகவே செத்தால்: பாக்டீரிய வாடல். உறுதிப்படுத்த அடித்தண்டைக் குறுக்கே வெட்டி, தெளிந்த நீருள்ள கண்ணாடிக் குவளையில் தொங்கவிடுங்கள். சில நிமிடத்தில் வெட்டிலிருந்து பால்போன்ற இழை இறங்கினால் அதுதான். மருந்து இல்லை. மண்ணோடு பையைக் கட்டி அப்புறப்படுத்துங்கள். கத்தரிக்கோலை மெதிலேட்டட் ஸ்பிரிட்டில் துடையுங்கள்.
- இலையில் சிறு துளைகள், சுரண்டிய வலைத்தடம்: புள்ளிப் பொறிவண்டு. காலையில் கையுறையோடு பொறுக்கி சோப்பு நீரில் போடுங்கள். இலையின் அடியில் மஞ்சள் முட்டைக் குவியல் இருந்தால் அந்த இலையைக் கிள்ளுங்கள்.
- குருத்து வாடித் தொங்கினால்: தண்டு துளைப்பான் புழு. வாடிய இடத்துக்குக் கீழே வெட்டி, புழுவோடு நசுக்குங்கள்.
- இலை அடியில் வெள்ளை ஈ, மாவுப்பூச்சி: ஒரு லிட்டர் நீரில் ஒரு தேக்கரண்டி வேப்பெண்ணெயும் சில சொட்டுப் பாத்திரச் சோப்பும் கலந்து, மாலையில் இலை அடியில் படத் தெளியுங்கள். வாரம் ஒருமுறை.
- இலை வெளிறி, மெல்லிய நூலாம்படை: செஞ்சிலந்தி. வறண்ட நாட்களில், கூரையின் கீழ் வரும். காலையில் இலையின் அடிப்பக்கம் நீர் பீய்ச்சிக் கழுவுங்கள். மாலைக்குள் உலர்ந்துவிட வேண்டும்.

குறிப்பு: வாடல் நோய் திரும்பத் திரும்ப வரும் இடத்தில், கத்தரி பயிரிடுவோர் சுண்டைக்காய் நாற்றை அடிச்செடியாக வைத்து ஒட்டுவதுண்டு, சுண்டை வேர் அந்நோயை ஓரளவு தாங்கும். ஒட்டுக்கட்டப் பழகியவர் ஒன்றிரண்டு செடியில் முள் கத்தரியையும் இப்படி முயன்று பார்க்கலாம்.

## அடிக்கடி நடக்கும் தவறுகள்

1. பச்சைக் கோழி எரு: வேரைச் சுட்டுவிடும். குவித்து மூடி, சூடு அடங்கி, நாற்றம் போன பிறகே பயன்படுத்துங்கள்.
2. பையின் அடியில் தட்டு: தரை அழுக்காகாமல் இருக்கத் தட்டு வைக்கிறார்கள். அதில் மழைநீர் நின்று வேர் அழுகுகிறது.
3. தாமதமான விதைப்பு: ஆகஸ்டில் விதைத்துவிட்டு ஜனவரியில் உரத்தைக் கூட்டினால் காய் பழுக்காது, தழைதான் வளரும்.
4. நிழல்: கார் நிறுத்தும் கொட்டகையின் கீழ் செடி நெட்டையாகிச் சாயும். நாளுக்கு ஆறு மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும்.
5. ஒரே இடத்தில் தொடர் நடவு: அடுத்த ஆண்டு அதே மண்ணைப் பையில் மறுபடி நிரப்ப வேண்டாம். அந்த மண்ணை வாழைக்கும் போடாமல், கத்தரிக் குடும்பத்தைச் சேராத பூச்செடிக்குக் கொடுங்கள். நோய் வந்த மண் என்றால் எதற்கும் வேண்டாம்.

## வெட்டுதலும் விற்றலும்

1. டிசம்பரிலேயே காய்ச் செடியின் படத்தை எடுத்துக்கொண்டு சுங்காய், பீடோர், ஈப்போ நர்சரிகளில் விசாரியுங்கள். கிளையாக வேண்டுமா, தொட்டியோடு வேண்டுமா, எவ்வளவு நீளம் என்று கேட்டபிறகு எத்தனை வெட்டுவது என்று முடிவு செய்யுங்கள்.
2. பெருநாளுக்கு ஏழு முதல் பத்து நாள் முன், கிளையின் பெரும்பாலான காய் மஞ்சளானதும் காலையில் வெட்டுங்கள்.
3. இலைகளைக் காம்போடு கத்தரியுங்கள். இழுத்துக் கிழித்தால் தண்டின் தோல் உரிந்து பார்க்க அசிங்கமாகும்.
4. கை படும் அடிப்பகுதியில் ஒரு முழம் நீளத்துக்கு முள்ளைக் கத்தரிக்கோலால் நறுக்குங்கள். வாங்குபவர் கையில் முள் குத்தினால் அடுத்த ஆண்டு உங்களிடம் வரமாட்டார்.
5. கிளைகளை ஒன்றின் மேல் ஒன்றாகப் போடாமல், பழைய செய்தித்தாளில் தனித்தனியாகச் சுற்றி நிமிர்த்திக் கொண்டுபோங்கள். முள் உரசிய காயில் கறுப்புத் தழும்பு வரும்.
6. விற்கும்போது காய் தின்னக் கூடாது என்று ஒவ்வொருவரிடமும் சொல்லுங்கள். சிறு சீட்டு எழுதிக் கட்டிவிடுவது இன்னும் நல்லது.

வெட்டிய கிளையிலும் காய் பல வாரம் வாடாமல் நிற்கும். நீரில் வைத்தால் மூன்று நாளுக்கு ஒருமுறை நீரை மாற்றச் சொல்லுங்கள். தேங்கும் நீரில் ஏடிஸ் கொசு முட்டையிடும்.

## பெருநாளுக்குப் பிறகு

1. மிக நல்ல செடியின் மூன்று நான்கு காய்களைப் பறிக்காமல் முற்றவிட்டு விதைக்கு வையுங்கள்.
2. காய்ந்த விதையைச் சிறு காகித உறையில் போட்டு, செடியின் பெயரும் எடுத்த மாதமும் ஆண்டும் எழுதி, ‘நஞ்சு’ என்றும் குறித்து, மூடியுள்ள போத்தலில் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் வையுங்கள். வீட்டுச் சமையல் விதைகளோடு கலக்கக் கூடாது.
3. மீந்த காய்களைக் கால்வாயிலோ ஆற்றோரத்திலோ செம்பனைத் தோட்ட ஓரத்திலோ வீசாதீர்கள். அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த சுண்டைக்காய் இன்று இங்கே புதர்தோறும் தானாக முளைக்கிறது. முள் கத்தரியின் நெருங்கிய உறவான சொலானம் வையரம், அமெரிக்காவில் 1995இலேயே தீங்குக் களையாக அறிவிக்கப்பட்டுவிட்டது. காய்களைக் கொதிநீரில் போட்டு, ஆறியதும் இரட்டைப் பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள்.
4. செடியை வேரோடு பிடுங்கி வெயிலில் காயவிடுங்கள். காய்ந்த முள் பச்சை முள்ளைவிடக் கூர்மை. தோல் கையுறையைக் கழற்ற வேண்டாம்.
5. பையின் அடித்துளைகளைப் பாருங்கள். வேர் வெள்ளையாக இருந்தால் இந்த ஆண்டு வடிகால் சரியாக இருந்தது. பழுப்பாக, வழவழப்பாக இருந்தால் அடுத்த முறை பைக் கலவையில் மணலையும் உமியையும் ஒரு பங்கு சேர்த்துக்கொள்ளுங்கள்.